சவுண்ட் லெவல் மீட்டரைக் கொண்டு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் சரிசெய்வது எப்படி?

வசனம் காதில் விழவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறோம். அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அவசரமாக ரிமோட்டைத் தேடுகிறோம். இதற்குப் படத்தின் ஒலிக்கலவையை மட்டும் குறை சொல்ல முடியாது. வசனம் ஒலிக்கும் சென்டர் ஸ்பீக்கர் 3 டெசிபல் அடங்கியும் சப்வூஃபர் 8 டெசிபல் ஓங்கியும் நின்றால் எந்தப் படத்தைப் போட்டாலும் இதேதான் நடக்கும். எல்லா ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். காதை நம்பி இதைச் செய்வது கடினம், மீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் மற்ற ஸ்பீக்கர்களுக்கு மீட்டர் சொல்வதுதான் முடிவு. சப்வூஃபருக்கு அது தொடக்கம் மட்டுமே. அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் சப்வூஃபருக்கே போகிறது.

தேவையானவை

'சி' வெயிட்டிங்கும் (எந்த ஒலியை எவ்வளவு குறைத்துக் காட்டுவது என்ற அமைப்பு) 'ஸ்லோ' வசதியும் (எண் மெதுவாக மாறும்) உள்ள சவுண்ட் லெவல் மீட்டர், கேமரா ட்ரைபாட், அளவு நாடா, பேப்பர், பேனா. பெரும்பாலான மீட்டர்களின் அடியிலோ முதுகிலோ ட்ரைபாட் திருகுக்கான துளை இருக்கும்.

போனில் செயலி போட்டு அளந்தால் போதாதா? ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஓரளவு போதும். சப்வூஃபருக்குப் போதாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. காற்றிரைச்சலைத் தவிர்க்க அடிமட்ட ஒலியை (பேஸ்) பல போன்கள் வெட்டிவிடும். அதை நம்பி சப்வூஃபரை ஏற்றினால் வீடே குலுங்கும், செயலி மட்டும் இன்னும் குறைவு என்றே காட்டும்.

படி 1: மீட்டரை அமைத்தல்

வெயிட்டிங் 'சி', வேகம் 'ஸ்லோ', 75 டெசிபல் நடுவில் வரும்படியான ரேஞ்ச். உச்ச எண்ணைப் பிடித்து நிறுத்தும் 'மேக்ஸ் ஹோல்ட்' அணைந்திருக்கட்டும்.

'ஏ' வெயிட்டிங்கில் வைத்துவிட்டு அளப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 'ஏ' வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸ் அடிமட்ட ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபல். 'சி' வெயிட்டிங்கில் இதே இடங்களில் குறைவது முறையே 1.3, 3 டெசிபல்தான். ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டி) ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் டெஸ்ட் டோன் (அளப்பதற்கான இரைச்சல்) பெரும்பாலும் 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பதால் அங்கே இந்தத் தவறு வெளியே தெரியாது. சப்வூஃபரில் வந்துதான் மாட்டுவீர்கள்.

நீங்கள் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் மீட்டரை ட்ரைபாடில் நிறுத்துங்கள். சோபாவின் சாய்மானம் உயரமாக இருந்தால் அதிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். மைக் நேரே கூரையைப் பார்க்கட்டும். அப்படி வைத்தால் முன்னால், பக்கத்தில், பின்னால் உள்ள எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் மைக்கை அடையும். ஒவ்வொரு ஸ்பீக்கரை நோக்கியும் மீட்டரைத் திருப்ப வேண்டாம். கையில் பிடித்து அளப்பதும் வேண்டாம். உடம்பில் பட்டுத் திரும்பும் ஒலியே அளவை 1, 2 டெசிபல் மாற்றிவிடும்.

மின்விசிறி, ஏசி, பக்கத்து அறை டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டோன் இல்லாமல் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 65க்குக் கீழே இருந்தால் போதும். அறையின் இரைச்சல் டோனைவிட 10 டெசிபல் குறைவாக இருந்தால் அதனால் வரும் பிழை அரை டெசிபலைத் தாண்டாது.

படி 2: ரிசீவரை அமைத்தல்

நைட் மோட், டைனமிக் வால்யூம், பேஸ் பூஸ்ட், டோன் கன்ட்ரோல் எல்லாம் அணைய வேண்டும். சப்வூஃபர் இருந்தால் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வையுங்கள், ஆளுயர டவர் ஸ்பீக்கராக இருந்தாலும் சரி. அடிமட்ட ஒலியை அந்த ஸ்பீக்கர் எடுக்குமா, சப்வூஃபர் எடுக்குமா என்பதைத்தான் அந்த மெனு கேட்கிறது. பெட்டியின் உருவத்தை அல்ல. கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். 3 அங்குல டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர்களுக்கு 120 அல்லது 150 வரை போகலாம்.

பிறகு தூரம். மீட்டர் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாடா பிடித்து அளந்து மெனுவில் போடுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ரிசீவர் இந்த எண்களை வைத்துத்தான் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தாமதம் கணக்கிடுகிறது. ரிசீவரே மைக் வைத்து அளந்து அமைத்துக்கொள்ளும் ஆட்டோ கேலிப்ரேஷன் ஓட்டியவர்களுக்கு ஒரு குறிப்பு: 3 மீட்டரில் இருக்கும் சப்வூஃபரை அது 5 மீட்டர் என்று காட்டலாம். அதைத் 'திருத்த' வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் சேர்க்கும் தாமதத்தையும் தூரமாக எண்ணி அது போட்ட கணக்கு அது.

படி 3: ஸ்பீக்கர்களை 75க்குக் கொண்டுவருதல்

ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் டெஸ்ட் டோனை ஓட விடுங்கள். பல ரிசீவர்களில் டோன் ஓடும்போது வால்யூம் தானாகவே ரெஃபரன்ஸ் நிலைக்கு, அதாவது படத்தின் ஒலியைக் கலக்கும்போது வைக்கும் நிலையான அளவுக்கு, போய்விடும். உங்களுடையதில் போகாவிட்டால் மாஸ்டர் வால்யூமை 0 டெசிபலில் வையுங்கள்.

இடது முன் ஸ்பீக்கரில் தொடங்குங்கள். மீட்டர் 75 காட்டும்வரை சேனல் லெவலை ஏற்றியோ இறக்கியோ மாற்றுங்கள். பிறகு சென்டர், வலது, சரௌண்ட், கூரை ஸ்பீக்கர் என்று வரிசையாக ஒரு சுற்று. ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 74 வந்தாலும் 76 வந்தாலும் குடி முழுகிவிடாது. எல்லாம் ஒன்றுபோல் வருவதுதான் முக்கியம். ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் அல்லது ஃபைலில் இருந்து டோன் ஓட்டுகிறீர்கள் என்றால் அது எந்த அளவில் பதிவானது என்று பாருங்கள். டிஜிட்டலில் பதிவாகக்கூடிய முழு அளவுக்கு 30 டெசிபல் கீழே பதிவானதற்கு 75, 20 டெசிபல் கீழே பதிவானதற்கு 85 வர வேண்டும். இரண்டும் ஒரே ரெஃபரன்ஸ்தான். வீட்டுக்கு 75 போதும். 85இல் பிங்க் நாய்ஸ் எனும் அந்த டெஸ்ட் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்காருவது தண்டனை.

ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் 8, 10 டெசிபல் ஏற்ற வேண்டியிருந்தால் மெனுவை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். டெர்மினலில் செம்பு இழை ஒழுங்காக மாட்டாமல் இருக்கலாம், டிரைவர் ஒன்று செத்திருக்கலாம், ஸ்பீக்கர் முன்னால் நாற்காலி நிற்கலாம்.

படி 4: சப்வூஃபர்

முதலில் பெட்டியின் பின்னால் உள்ள குமிழ்கள். கெயின் (பெட்டியின் சொந்த வால்யூம்) பாதியில் நிற்கட்டும். கிராஸ்ஓவர் குமிழை முழுவதும் மேலே திருப்புங்கள், வடிகட்டாமல் விடும் 'எல்எஃப்இ' அல்லது 'பைபாஸ்' இருந்தால் அதைப் போடுங்கள். ரிசீவர் ஏற்கெனவே ஒலியைப் பிரித்து அனுப்புகிறது. பெட்டியும் இன்னொரு முறை வடிகட்டினால் இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் விழும். ஃபேஸ் (சப்வூஃபரின் ஒலி அலை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துச் சேர்வதற்கான குமிழ்) 0.

இப்போது சப்வூஃபர் டெஸ்ட் டோன். மெனுவில் சப்வூஃபர் லெவலை 0இல் வைத்து, பெட்டியின் கெயின் குமிழால் 75க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மிச்சத்தை மெனுவில் செய்யலாம். மெனு எண் பிளஸ் பக்கம் அதிகம் போனால் ரிசீவரின் சப்வூஃபர் அவுட்புட் சத்தமான காட்சியில் பிசிறடிக்கக்கூடும். மைனஸ் 10, 12 என்று இறங்கினால் சப்வூஃபரின் ஆட்டோ ஆன் விழிக்காமல் போகலாம். 0க்கும் மைனஸ் 5க்கும் நடுவே நிற்பது நல்லது.

எண் ஓரிடத்தில் நிற்காது. 72, 77, 74, 78 என்று ஆடும், 'ஸ்லோ'வில் வைத்தாலும் ஆடும். அடிமட்ட இரைச்சலின் இயல்பே அது. 20 நொடி பார்த்து, மேலும் கீழும் போவதன் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்எஃப்இ சேனலுக்கு (படத்தில் அடிமட்ட ஒலிக்கென்றே உள்ள தனிச் சேனல்) 10 டெசிபல் கூடுதல் வேண்டும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதை டீகோட் செய்யும்போதே ரிசீவர் சேர்த்துவிடும். நீங்களும் சேர்த்தால் கணக்கு இரட்டிப்பாகும்.

அடுத்து ஃபேஸ். ஸ்டீரியோ மோடில் 80 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அலைவரிசையில் ஒலிக்கும் டோன்) ஓட விடுங்கள். கிராஸ்ஓவர் வேறு என்றால் அந்த எண்ணிலேயே டோன் வேண்டும். அந்த இடத்தில் முன் ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்கும். ஒருவர் ஃபேஸ் குமிழை 0இலிருந்து 180 வரை மெல்லத் திருப்பட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். குமிழுக்குப் பதில் ஸ்விட்ச் இருந்தால் இரண்டில் எது அதிகம் காட்டுகிறதோ அது. ஃபேஸ் எதிரெதிராக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடிமட்ட ஒலி கேட்டாலும் 'பஞ்ச்' இல்லை என்று பலர் புலம்புவதற்கு ஒரு காரணம் இதுதான்.

படி 5: அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

சப்வூஃபர் டோன் 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை ஒன்றாகக் கலந்து தருவது. 75 என்பது அதன் சராசரி. உள்ளே ஒரு இடத்தில் 85ம் இன்னொரு இடத்தில் 62ம் இருந்தாலும் மீட்டர் 75 என்றே காட்டும். இந்த மேடு பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 20, 25, 31.5, 40, 50, 63, 80, 100 ஹெர்ட்ஸ் சைன் டோன்களை ஒவ்வொன்றாக ஓட்டி எண்ணை எழுதுங்கள். 'சி' வெயிட்டிங் குறைத்ததை ஈடுகட்ட அவற்றோடு முறையே 6.2, 4.4, 3, 2, 1.3, 0.8, 0.5, 0.3 கூட்டுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பல 31.5 ஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம் தருகின்றன. அதற்குக் கீழே வரும் எண்ணைக் குத்துமதிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடும் பள்ளமும் வந்தால் சப்வூஃபரில் கோளாறு என்று பதற வேண்டாம், அது அறையின் வேலை. 5 மீட்டர் நீளமான அறையில் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே நிலையாக நின்றுவிடும்: சுவரோரம் மேடு, அறையின் நட்டநடுவில் பள்ளம். சோபா சரியாக அந்த நடுவில் கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சப்வூஃபரும் அங்கே ஊமைதான். சோபாவை அரை மீட்டர் பின்னுக்குத் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள், அல்லது சப்வூஃபரை மூலையிலிருந்து சுவரின் நடுப்பக்கம் நகர்த்துங்கள். மேட்டை ஈக்வலைசரால் (அலைவரிசைவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) வெட்டலாம். பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்பப் பார்ப்பது வீண்: 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு சக்தி தர வேண்டும், அப்போதும் எதிரொலி அதே அளவில் வந்து அதை அழிக்கும்.

இரண்டு சப்வூஃபர் இருந்தால், ஒன்றை அணைத்து மற்றொன்றைத் தனியாக 70க்கு வையுங்கள், பிறகு மாற்றி அடுத்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இடத்தைப் பொறுத்து 3 முதல் 6 டெசிபல் கூடும். கடைசியாக மெனுவில் சேர்த்தே 75க்குக் கொண்டுவாருங்கள். சேர்த்து ஓட்டும்போது குறைந்தால் ஒன்றின் ஃபேஸைத் திருப்புங்கள்.

எல்லாம் முடிந்தபின் அடிமட்ட ஒலி கொஞ்சம் மெலிந்து கேட்கிறது என்று தோன்றலாம். அதில் தவறில்லை. வால்யூம் குறையக் குறையக் காது அடிமட்ட ஒலியை மற்றதைவிட வேகமாக இழக்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் யாரும் ரெஃபரன்ஸ் வால்யூமில் படம் பார்ப்பதில்லை. சப்வூஃபரை மட்டும் 3 முதல் 5 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். ஆண் குரல் மார்பில் இரைய ஆரம்பித்தால் ஒரு டெசிபல் பின்வாங்குங்கள்.

ஆட்டோ கேலிப்ரேஷன் ஓட்டுவதாக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டுங்கள். பின்னால் ஓட்டினால் நீங்கள் போட்ட எண்களை அது அழித்துவிடும். ஓட்டியபின் சரிபார்க்க டிஸ்க் டோன்தான் நல்லது, ஏனெனில் பல ரிசீவர்களின் உள் டோன், ஆட்டோ கேலிப்ரேஷன் போட்ட அறைத் திருத்தத்தின் வழியாகப் போகாது. எழுதிய எண்களை போட்டோ எடுத்து வையுங்கள். சோபா இடம் மாறினாலோ, தரையில் புதுக் கம்பளம் விழுந்தாலோ, ரிசீவரை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.