அலுவலகத்தில் இணையவழித் தொலைபேசி அமைக்கும் முறை

இணையவழி அழைப்பில், ஜி.711 என்னும் முறைப்படி, நம் குரல் நொடிக்கு 8,000 முறை அளவெடுக்கப்பட்டு எண்களாகி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாக இணையத்தில் பயணிக்கிறது. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் தேவைப்படுவதால், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் அலுவலகம் முதலில் தன் பதிவேற்ற வேகத்தைச் சோதிக்க வேண்டும். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுவோர் உண்டு. அடுத்து, ரவுட்டரில் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும். இல்லையெனில், யாரேனும் பெரிய கோப்பை அனுப்பும்போது எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" மட்டுமே மிஞ்சும். புதிய ஊழியருக்குத் தனியே தொலைபேசிக் கம்பி இழுக்காமல், மென்பொருளிலேயே உள் எண் ஒதுக்க முடிவதால் நிறுவனங்கள் இதை விரும்புகின்றன. மின்சாரம் போனால் ரவுட்டரோடு தொலைபேசியும் அடங்கிவிடும் என்பதால், இரண்டையும் யுபிஎஸ்ஸில் இணைப்பது அவசியம்.