வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வந்து ஆறு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு: விசா நீடிப்பை நாங்களே செய்த விதம்

தைப்பொங்கலுக்கு முதல் பெரியம்மா ரொறொன்ரோவிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு தங்கினார். வயது 71, கையில் கனேடியக் கடவுச்சீட்டு. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் கொடியேற்றம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். விசா பற்றி வீட்டில் யாருக்கும் கவலை இருக்கவில்லை, ஏனென்றால் ஈடிஏ (வருவதற்கு முதல் ஒன்லைனில் எடுக்கும் பயண அனுமதி) தாளில் போட்டிருந்த முடிவுத் திகதி இன்னும் பல மாதம் தள்ளி இருந்தது. பெப்ரவரி 7ஆம் திகதி இரவு வேறு எதற்கோ அவருடைய கடவுச்சீட்டைத் திறந்தபோதுதான், அந்தத் திகதிக்கும் அவர் தங்கியிருக்கும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு விளங்கியது. மூன்றே நாள்தான் மிச்சம். பிறகு பட்ட அவதியை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. முந்தி எங்கள் மாமா எட்டு மாதம் இருந்தார், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது போன்ற கதைகளை இப்போது நம்பி இருக்காதீர்கள். ரஷ்ய-உக்ரேன் யுத்தம் தொடங்கிய 2022இலிருந்து இங்கே தங்கியிருந்த ரஷ்யர்களுக்கும் உக்ரேனியர்களுக்கும் திரும்பத் திரும்ப விசா நீடித்துக் கொடுத்தார்கள். 2024 பெப்ரவரியில் திடீரென்று இனி நீடிப்பு இல்லை, இரண்டு வாரத்தில் கிளம்புங்கள் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு அமைச்சரவை அனுமதி இல்லாமல் வெளிவந்தது என்று பிறகு சர்ச்சையானது. அதே வருடம் ஏப்ரலில் விசா விண்ணப்ப வேலையை வெளிநாட்டுக் கம்பனியிடம் கொடுத்தார்கள், ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, செப்டெம்பர் கடைசியில் பழைய ஈடிஏ முறை திரும்ப வந்தது. 2024இல் வந்துபோன சொந்தக்காரர் சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

எந்தத் திகதியைப் பார்ப்பது

நான் இடறி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈடிஏ தாளில் உள்ள முடிவுத் திகதி, அதற்குள் நாட்டுக்குள் வந்து இறங்க வேண்டும் என்பதற்கான கெடு. வந்து இறங்கிய பிறகு அந்தத் திகதிக்கு வேலை இல்லை. சுற்றுலா ஈடிஏ தருவது 30 நாள், அது கட்டுநாயக்க விமான நிலையத்தில் குத்தும் முத்திரையின் திகதியிலிருந்து ஓடத் தொடங்கும். நாள் எண்ணும்போது வந்த நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு அதுதான். பெரியம்மா வந்தது ஜனவரி 12. அப்படியென்றால் 30ஆவது நாள் பெப்ரவரி 10, 90ஆவது நாள் ஏப்ரல் 11, 180ஆவது நாள் ஜூலை 10. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். போனில் நினைவூட்டலும் வைக்கலாம், ஆனால் பெரியவர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளத் தாள்தான் நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். நீடிப்பும் வந்த நாளிலிருந்துதான் கணக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து இல்லை. பத்து நாள் முந்தி விண்ணப்பித்தால் பத்து நாள் வீணாகப் போய்விடுமே என்று கடைசி நாள் வரை இழுத்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அப்பாவே அப்படித்தான் சொன்னார். ஒரு நாளும் வீணாகாது. இரண்டாவது வாரம் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

விண்ணப்பம்

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விசா நீடிப்புக்கான ஒன்லைன் பகுதி இருக்கிறது. கூகுளில் தேடினால் அதே போலத் தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும், அவை கூடுதலாகப் பணம் வாங்கும். முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தெரிந்தவர் மூலம் ஒரு தரகரையும் கேட்டுப் பார்த்தோம். அவர் கேட்ட தொகை அரசாங்கக் கட்டணத்தைவிட அதிகம், அதோடு கடவுச்சீட்டைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். யாரிடமும் அப்படி விடாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கடவுச்சீட்டின் படமுள்ள பக்கம், வருகை முத்திரை உள்ள பக்கம், ஈடிஏ தாள், திரும்பும் ரிக்கெட், இங்கே தங்கும் வீட்டு முகவரி. கடவுச்சீட்டு குறைந்தது இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். கணக்குத் திறப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் வங்கி ஒன்லைன் படிவம் மாதிரித்தான், அதை விளக்கத் தேவையில்லை.

பெயர் எழுதும் இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். எங்கள் ஆட்களுக்கு அப்பா பெயர் ஒன்று, புருஷன் பெயர் ஒன்று, கனடாவில் பதியும்போது முன்பின்னாகப் போன பெயர் ஒன்று. பெரியம்மா தன் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்ற பெட்டியில் போட்டுத்தான் ஐம்பது வருடமாகப் பழக்கம். எது குடும்பப் பெயர் என்று வீட்டில் வாதாடத் தேவையில்லை, கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர், பிறகு இரண்டு கோணக் குறிகள் சேர்ந்தாற்போல் வரும், அதற்குப் பின்னால் வருவது சொந்தப் பெயர். அதில் உள்ளபடியே எழுதுங்கள். கடவுச்சீட்டு இலக்கம் இரண்டாவது வரியின் தொடக்கத்தில் இருக்கும். ஆங்கில 'ஓ' எழுத்தையும் பூச்சியத்தையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அதை வேறு யாராவது ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது முத்திரைப் பக்கம். பெரியம்மாவின் கடவுச்சீட்டில் பழைய பயணங்களின் முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன, இந்த முறை குத்தியது மங்கலாக ஓரத்தில் கிடந்தது. அவசரத்தில் நான் 2019ஆம் ஆண்டு முத்திரையுள்ள பக்கத்தை அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் சரியான பக்கத்தைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது, எங்களுக்கு இருந்த மூன்று நாளில் ஒன்று அதோடு போயிற்று. போனில் சும்மா படம் எடுத்து அனுப்பாதீர்கள், நிழல் விழும். கூகுள் ட்ரைவில் இருக்கும் ஸ்கேன் வசதிதான் எனக்குப் பிடித்தது, ஓரங்களைத் தானே வெட்டிவிடும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் மங்கல் முத்திரையும் தெரியும். படிவத்தை நிரப்ப லப்டொப்தான் வசதி, போனில் செய்தால் பாதியில் பக்கம் புதுப்பித்துக்கொண்டு எழுதியதெல்லாம் போய்விடும்.

பணம் கட்டும் கட்டம்

கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அட்டை மூலம் கட்டலாம். இதிலும் ஒரு சிக்கல். கனேடிய வங்கி அட்டைக்கு வரும் ஒருமுறை இலக்கம் (ஓடிபி) கனேடியத் தொலைபேசிக்குத்தான் போகும். பெரியம்மா வந்த அன்றே இங்கத்தைய சிம் போட்டு, பழைய சிம்மைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார். கைப்பை, சாமியறை, மருந்துப் பெட்டி எல்லாம் தேடி, கடைசியில் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது. அதைப் போட்டு ரோமிங்கைத் திறந்ததும் இலக்கம் வந்தது. வெளிநாட்டு சிம்மைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அனுமதி மின்னஞ்சலில் தாளாக வரும். கடவுச்சீட்டில் எதுவும் ஒட்டமாட்டார்கள், அதனால் இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றைக் கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள், திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் காட்ட வேண்டிவரும். முதலில் 90 நாள் வரை எடுத்தோம். மார்ச் கடைசியில் திரும்ப விண்ணப்பித்து 180 நாள் வரை நீடித்தோம், இரண்டாவது முறை அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

பிறகு சேர்த்தவை

இதை வாசித்த ஒருவர், ஒன்லைனில் போட்டும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள், எங்கே போவது என்று கேட்டிருந்தார். பத்தரமுல்லை, சுஹுருபாய கட்டடம். பழைய புஞ்சி பொரளை அலுவலகத்தை நினைத்துக்கொண்டு மருதானைப் பக்கம் போகாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி போய், அங்கே கடுவெல போகும் 177 எடுத்துப் பத்தரமுல்லையில் இறங்கலாம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் பிக்மி வாடகை வண்டியில் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள், மூலப் பத்திரங்களோடு போட்டோக் கொப்பியும் எடுத்துப் போங்கள்.

சென்னையிலிருந்து மாமியார் வருகிறார், இந்தியர்களுக்கு இலவசம்தானே என்று இன்னொருவர் கேட்டார். 2023 நவம்பரில் இந்தியா உட்பட ஏழு நாட்டினருக்குக் கட்டணத்தை நீக்கியது முதல் 30 நாள் விசாவுக்குத்தான். அதற்கு மேல் தங்கினால் அவர்களும் விண்ணப்பித்துப் பணம் கட்டத்தான் வேண்டும்.

ஒரு தங்கச்சி, இங்கே இருக்கிற நேரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக் கொடுக்கலாமா அக்கா என்று கேட்டிருந்தாள். வேண்டாம். வருகை விசாவில் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேலை செய்வது விசா நிபந்தனையை மீறுவது, தெற்குக் கடற்கரையில் வெளிநாட்டவர் தொழில் நடத்துகிறார்கள் என்ற முறைப்பாடுகளுக்குப் பிறகு இதை இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

180 நாள் முடிந்ததும் சென்னைக்கு ஒரு நடை போய்வந்தால் புதிதாக 30 நாள் கிடைக்குமே என்பது பலரும் சொல்லும் யோசனை. ஒருமுறை சரிவரலாம், ஆனால் திரும்ப உள்ளே விடுவதா என்பது அந்த மேசையில் இருக்கும் அதிகாரியின் முடிவு. 71 வயதில் பெரியம்மாவை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நீண்ட காலம் இருக்க விரும்புகிறவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு 15,000 டொலர் வைப்பும், மாதம் 1,500 டொலர் வரவும் காட்டி எடுக்கும் 'மை ட்ரீம் ஹோம்' விசா இருக்கிறது. முன்பு இலங்கைப் பிரஜையாக இருந்தவர்களுக்கு அதைவிட இரட்டைப் பிரஜாவுரிமைதான் மேல் என்பது என் எண்ணம். 55 வயது தாண்டியிருப்பதே விண்ணப்பிக்க ஒரு தகுதி, கிடைத்துவிட்டால் பிறகு விசாப் பேச்சே இல்லை. பெரியம்மா மானிப்பாயில் பிறந்தவர். நீடிப்புத் தாளைக் கையில் வாங்கியபோது, "பிறந்த ஊரில் இருக்கிறதுக்கும் நாள் எண்ணித்தான் இருக்க வேணுமோ பிள்ளை" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

180 நாள் முடிவதற்குள், ஜூலை 8ஆம் திகதி, கொடியேற்றம் பார்க்காமலே பெரியம்மா ரொறொன்ரோவுக்குத் திரும்பிப் போனார். அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க அடுத்த வாரம் சண்டிலிப்பாய் பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். இரட்டைப் பிரஜாவுரிமைப் படிவங்களை நிரப்பி முடித்ததும் அதையும் எழுதுகிறேன்.