மூளைச்சாவும் உறுப்பு தானமும்: செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைச்சாவைப் பற்றி மருத்துவர் விளக்கிவிட்டுப் போன பிறகு, உறவினர்கள் தயங்கியபடி ‘உயிர் இருக்கிறதா, இல்லையா’ என்ற அதே கேள்வியை மறுபடி கேட்பது படுக்கையருகே நிற்கும் செவிலியரிடம்தான். அப்போது ஆறுதலுக்காக, ‘மூளை மட்டும்தான் செயலிழந்துவிட்டது, உயிர் இருக்கிறது’ என்று சொல்லிவிடுவதே மிகப் பெரிய தவறு. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைத்தண்டுச் சாவும் (மூளைச்சாவு என்று நாம் சொல்வது இதையே) மரணமே. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதிசெய்கிறது. உறுப்பு மாற்று அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு அக்குழுவில் இடமில்லை என்பதையும் தெரிந்துவைத்திருந்தால், ‘உறுப்புக்காகச் சாகவிடுகிறார்களோ’ என்ற சந்தேகத்துக்குத் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

கோமாவையும் மூளைச்சாவையும் ஒன்றாகப் பேசுவதும் குழப்பமே. கோமாவில் இருப்பவர் மீளக்கூடும், மூளைச்சாவிலிருந்து மீள்வதில்லை. வென்டிலேட்டரைப் பிரித்து, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு போதிய அளவு உயர்ந்த பின்னும் மார்பு அசைகிறதா என்று பார்க்கும் சோதனை, தானாக மூச்சுவிடும் திறன் அறவே போய்விட்டதைக் காட்டுகிறது. இதயம் துடிப்பது அதற்கே உரிய மின்தூண்டலால். மூளையின் கட்டளை அதற்குத் தேவையில்லை. மூளையின் தொடர்பின்றித் தண்டுவடத்திலிருந்தே எழும் அனிச்சையால் சில வேளை விரலோ கையோ அசையும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், அதைக் காணும் தாய் வேறு எந்த விளக்கத்தையும் நம்பமாட்டார்.

மரணச் செய்தியை அவர்கள் உள்வாங்கும் முன்பே தானத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். அவருக்கு உரிய நேரத்தில் தகவல் போவதைப் பார்த்துக்கொள்வதே செவிலியரின் வேலை. ‘இந்தக் குடும்பம் சம்மதிக்காது’ என்று தாமே முடிவுசெய்து தகவலை நிறுத்துவதும் தவறு. தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்குத் தமிழக அரசு 2023 முதல் அளிக்கும் அரசு மரியாதையைத் தூண்டில்போல முன்வைப்பது, என் பார்வையில், அந்த மரியாதையையே குறைக்கும்.

சம்மதம் கிடைத்ததும் கவனம் தளர்வது கடைசித் தவறு. மூளைச்சாவுக்குப் பின் இரத்த அழுத்தம் சரியும், உடல் குளிரும், ஹார்மோன் குறைபாட்டால் சிறுநீர் வெள்ளமாக வெளியேறும். மணிக்கணக்கில் இவற்றைக் கண்காணிக்காவிட்டால் தானம் செய்ய உறுப்பே மிஞ்சாது. கருவிழி உலராதபடி இமைகளை மூடி வைப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததே.