பாடப் பொருள்களுக்கு மெட்டாடேட்டா எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பறவைகளை ஓர் ஆசிரியர் வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூழைக்கடா அலகுப் பையை விரித்து மீனை அள்ளுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. பதிவேற்றும்போது தலைப்புக் கட்டத்தில் ‘பறவை வீடியோ புதுசு 2’ என்றும், எதைப் பற்றியது என்ற கட்டத்தில் ‘பறவைகள்’ என்றும் எழுதிவிட்டு மற்றதை எல்லாம் காலியாக விட்டுவிடுகிறார். வள்ளியூரில் ‘தகவமைப்பு’ பாடம் நடத்தப்போகிற இன்னொரு ஆசிரியர் எவ்வளவு தேடினாலும் அந்த வீடியோ கண்ணில் படாது. நம் ஊர்ப் பக்கம் ஆசிரியர்கள் சொந்த நேரத்தைச் செலவழித்துச் செய்கிற பொருள்கள் இப்படி வீணாவது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஒரு பொருளைப் பற்றி நாம் எழுதிவைக்கிற தலைப்பு, ஆக்கியவர், மொழி, தேதி போன்ற விவரங்கள்தான் மெட்டாடேட்டா. 1995இல் தொடங்கிய டப்ளின் கோர் முறையில் இதற்கு 15 அடிப்படைக் கட்டங்கள் உண்டு. அவை எந்த ஆவணத்துக்கும் பொருந்தும். ஆனால் எந்த வயதுப் பிள்ளைக்கு, எதைக் கற்பிக்க, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு அவை போதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2011இல் எல்ஆர்எம்ஐ (லேர்னிங் ரிசோர்ஸ் மெட்டாடேட்டா இனிஷியேட்டிவ்) என்ற முயற்சி தொடங்கியது. அதன் சொற்கள் 2013இல் ஸ்கீமா.ஆர்க் தொகுப்பில் சேர்ந்தன. இணையப் பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிகளுக்குப் புரியவைக்கும் பொதுச் சொற்களின் தொகுப்பு அது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பொருள் எதைப் பற்றியது என்று எழுதிவிட்டு, அது எதைக் கற்பிக்கிறது என்று எழுதாமல் விடுவது. ஸ்கீமா.ஆர்க்கில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். ‘கூழைக்கடா, நாரை’ என்பது முதல் கட்டத்துக்கு உரியது. ‘அலகின் வடிவத்தைப் பார்த்துப் பறவையின் உணவை ஊகித்தல்’ என்பது இரண்டாவதற்கு உரியது. வகுப்பை மனதில் வைத்துத் தேடுகிற ஆசிரியருக்கு இரண்டாவதுதான் கை கொடுக்கும். ‘புரிந்துகொள்ளுதல்’, ‘அறிதல்’ என்று மொட்டையாக எழுதினாலும் பயனில்லை. வகைப்படுத்துதல், அளத்தல், ஒப்பிடுதல் என்று பிள்ளை செய்யப்போகிற வேலையை எழுதுங்கள். வினாத்தாள் என்றால் அது எதைச் சோதிக்கிறது என்பதற்கும் தனிக் கட்டம் இருக்கிறது.

‘பிடிஎஃப்’ என்பது கோப்பின் வடிவம். பயிற்சித் தாளா, பாடக் குறிப்பா, வினாடி வினாவா என்பதுதான் வகை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட வேண்டாம்.

‘7ஆம் வகுப்பு, பாடம் 3’ என்று எழுதி நிறுத்துகிறவர்கள் அதிகம். மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இயா? எந்த ஆண்டுப் புத்தகம்? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018 முதல் படிப்படியாக மாறின. பழைய பாட எண்ணை வைத்துக்கொண்டு புதிய புத்தகத்தில் எதையும் பிடிக்க முடியாது. பாடத்தின் பெயர், புத்தகத்தின் ஆண்டு, அப்புறம் வயது வரம்பு, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

இடப்பெயரில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. ஆதிச்சநல்லூர் அதற்குள் போனது. 2019இல் தென்காசி பிரிந்தது. குற்றாலம் அங்கே சேர்ந்தது. ஆனால் பழைய பாடப் பொருள்கள் பலவற்றில் இரண்டு ஊர்களுமே திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். இன்றைய மாவட்டத்தை இடத்துக்கான கட்டத்தில் எழுதி, பழைய மாவட்டத்தைக் குறிச்சொல்லாகச் சேர்ப்பதே சரி. ‘திருநெல்வேலி’, ‘நெல்லை’ விஷயமும் அப்படித்தான். ஒன்றை முதன்மைப் பெயராக முடிவுசெய்து, தொகுப்பு முழுக்க அதையே எழுதுங்கள். மற்றதை மாற்றுப் பெயராகக் கொடுங்கள். இன்னொன்று: பொருளைச் செய்த ஆசிரியரின் ஊரை இந்தக் கட்டத்தில் எழுதக் கூடாது. பொருள் எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறதோ அந்த ஊரைத்தான் எழுத வேண்டும்.

கற்றல் செயல்பாடுகளை விவரிக்கும்போது வேறொரு குழப்பம் வருகிறது. பத்தமடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கோரைப் பாய் நெய்வதைக் காட்டி, பாயின் கோலத்தில் சமச்சீரைத் தேடச் சொல்கிறோம். அன்றைக்குப் போய்வந்தது ஒரு நிகழ்வு. அதற்குத் தேதியும் இடமும் உண்டு. யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்யக்கூடிய செயல்திட்டம் வேறு. அதற்குத் தேவையான பொருள்கள், குழுவின் அளவு, ஆகும் நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே பதிவில் கலந்தால், படிக்கிறவர் முடிந்துபோன நிகழ்ச்சி என்று நினைத்துக் கடந்துவிடுவார். இரண்டு பதிவாக எழுதி ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். கூந்தன்குளம் போன்ற இடம் என்றால், வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களையும் செயல்திட்டத்தில் குறிப்பிட வேண்டும். நேரத்தை ‘ஒரு பீரியட்’ என்று எழுதினால் கணினிக்குப் புரியாது. தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் 40 நிமிடத்தை ‘பிடி40எம்’ என்ற குறியீடாக, ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். பயண நேரத்தை அதில் சேர்க்காமல் விளக்கத்தில் தனியாகச் சொல்லுங்கள்.

உரிமக் கட்டத்தில் ‘இலவசம்’ என்று எழுதுவது உரிமம் ஆகாது. ஆக்கத்தை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது என்று சொன்னால்தான், அதைத் திருத்தலாமா, மொழிபெயர்க்கலாமா என்பது தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சித் தாளைப் பதிவேற்றியவரே அதை ஆக்கியவர் ஆகிவிட மாட்டார். ஆக்கியவர் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். அனுமதி யாரிடம் கேட்பது என்று தெரியாத பொருளைப் பொதுவில் பகிராமல் இருப்பதே முறை.

கடைசியாக, அணுகல் வசதிக் கட்டங்கள். பெரும்பாலும் இவை காலியாகவே கிடக்கின்றன. காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகப் பள்ளிகள் நடக்கின்றன. வீடியோவில் வசன வரிகள் உண்டா, படங்களுக்கு எழுத்து விளக்கம் உண்டா, காட்சியைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே பாடத்தைத் தொடர முடியுமா என்று அங்குள்ள ஆசிரியர் முதலில் பார்ப்பார். அந்த வசதி இல்லை என்றால், இல்லை என்றே எழுதுங்கள். வேறு யாராவது வசன வரிகளைச் சேர்த்துத் தர முன்வர அந்தக் குறிப்பே போதும்.