லண்டன்ல வேலைன்னு மெசேஜ் வந்தா காசு கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நம்ம மலேசியா பட்டர்வொர்த்ல மாமாக் கடைல ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு இருக்கேன், அக்கா பையன் வந்து எதிர்ல உக்காந்து போனை நீட்றான். "மாமா, லண்டன்ல வேலை கெடைச்சிருச்சு, கேர் வொர்க்கர், வயசானவங்கள பாத்துக்கறது, மொத்தம் 18,000 ரிங்கிட் கட்டணும், 3,000 டெபாசிட் நேத்தே போட்டுட்டேன்"ங்கறான். நம்ம ஆளுங்களுக்கு பிரிட்டன் முழுக்க லண்டன்தான், அது வேற விஷயம். போன்ல இருந்த வேலை லெட்டரை பெருசு பண்ணி பாத்தா ஊரு எங்கயோ வடக்கால, கம்பெனி பேருக்கு கீழ இருக்கறது ஜிமெயில் அட்ரஸ். அதைவிட பெரிய கூத்து, வெளிநாட்டுலேருந்து புதுசா கேர் வொர்க்கர் எடுக்கறதையே பிரிட்டன் 2025 ஜூலை 22ஆம் தேதியோட நிறுத்திருச்சு. இல்லாத விசாவுக்கு இவன் டெபாசிட் கட்டிட்டு வந்து நிக்கறான்.

"ஏஜெண்டு ரொம்ப நல்லவரு மாமா, தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்லாம் போட்டாரு"ங்கறான். என்னத்த சொல்ல.

அதுக்கப்புறம் "இந்த வேலை நெசமா, காசு கட்டலாமா"ன்னு நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் எழுதியே வெச்சிடறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். "அங்க ஆள் பத்தலையாமே, அப்பறம் ஏன் நம்மள எடுக்க மாட்டாங்க"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஆள் பத்தலைங்கறது வேற, உங்களுக்கு விசா இருக்குங்கறது வேற, ஏஜெண்டுங்க பொழைக்கறதே இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான். 2016ல ஐரோப்பிய யூனியன விட்டு போறோம்னு ஓட்டு போட்டாங்க, 2020 டிசம்பரோட போலந்து, ருமேனியாக்காரங்க இஷ்டத்துக்கு வந்து வேலை செய்யறது முடிஞ்சுது, கோவிட் வேற. 2021ல லாரி ஓட்ட ஆள் இல்லாம பெட்ரோல் ஸ்டேஷன்ல கியூ நின்னுச்சு, 2022ல நாடு முழுக்க காலி வேலை 13 லட்சத்தை தொட்டுச்சு, இங்கிலாந்துல வயசானவங்கள பாத்துக்கற வேலைல மட்டும் 165,000 எடம் காலி. அதனால 2022 பிப்ரவரில கேர் வொர்க்கருக்கு கதவ தெறந்தாங்க, தெறந்த வேகத்துல போலி கம்பெனிங்களும் உள்ள பூந்துருச்சு, 2022 ஜூலைலேருந்து 2024 டிசம்பருக்குள்ள அந்த துறைல 470க்கு மேல ஸ்பான்சர் லைசன்ஸ, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளிக்கு குடுக்கற அனுமதிய, ரத்து பண்ணாங்க. இன்னொரு பக்கம் 2023 நடுவுல நாட்டுக்குள்ள வந்தவங்களுக்கும் வெளிய போனவங்களுக்கும் உள்ள வித்தியாசமே வருஷத்துக்கு 9 லட்சத்தை தாண்டவும் அரசியல் சூடாயிருச்சு. 2024 மார்ச்லேருந்து கேர் வொர்க்கர் குடும்பத்தை கூட்டிட்டு போக முடியாது, ஏப்ரல்ல ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு (ஸ்பான்சர் முதலாளி மூலமா போற வேலை விசா) சம்பள வரம்பு வருஷம் 38,700 பவுண்ட், அடுத்த வருஷம் ஜூலைல 41,700, கூடவே வேலை டிகிரி அளவு இருக்கணும்னும் போட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா அங்கயே வேலை இல்லாதவங்க ஏறிட்டு போறாங்க, 2025 கடைசில 5 சதவீதத்தை தாண்டிருச்சு, அந்த கணக்குல வராத, நாள்பட்ட நோயால வேலைக்கே போக முடியாதவங்க தனியா 28 லட்சம் கிட்ட. அப்ப அவங்கள வெச்சே ஆளை நெரப்பலாமேன்னா, கேர் வேலைல சம்பளம் கம்மி, ராத்திரி ஷிப்டு, முதுகு போயிரும், ஊர்க்காரன் வரமாட்டான். இதுல நாம சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, பிறை பேக்டரிக்கு நேப்பாள்காரங்க வர்றாங்க, நம்ம பசங்க ஜொகூர்ல பாலம் தாண்டி சிங்கப்பூர் போறாங்க, ஒரே கதைதான்.

சரி, மெசேஜ் வந்திருச்சு, என்ன பண்ணணும்?

வேலையோட கோடை கேளுங்க. பிரிட்டன்ல ஒவ்வொரு வேலைக்கும் நாலு நம்பர் கோடு இருக்கு, கேர் வொர்க்கர் 6135, சீனியர் கேர் வொர்க்கர் 6136, செஃப் 5434. ஏஜெண்டு இந்த நம்பரையே சொல்ல முடியாம "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னா அங்கயே எழுந்து வந்துருங்க. மேல சொன்ன மூணு கோடுக்கும் மலேசியாவுல உக்காந்துட்டு புதுசா விசா போட முடியாது. நம்ம ஊரு மாமாக், வாழையிலை கடைல குக்கா இருக்கறவங்க கவனிங்க, செஃப்னு போற வழி முன்னாடி இருந்துச்சு, அதையும் 2025 ஜூலைல எடுத்துட்டாங்க. லாரி டிரைவருக்கு இந்த ஸ்கில்ட் வொர்க்கர் விசா எப்பவுமே கெடையாது. டிகிரிக்கு கீழ உள்ள சில தொழில்நுட்ப வேலைய மட்டும் தற்காலிக பற்றாக்குறை லிஸ்ட்னு ஒண்ணுல விட்டு வெச்சிருக்காங்க, ஆனா அதுல புதுசா போறவங்க பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு போக முடியாது. ஜிஓவி டாட் யூகேல போயி "ஸ்கில்ட் வொர்க்கர்"னு தேடுனா மொத்த லிஸ்ட்டும் ஓசில இருக்கு.

கோடு சரியா இருந்தா அடுத்து கம்பெனி. லைசன்ஸ் உள்ள ஸ்பான்சருங்க லிஸ்ட்னு அதே வெப்சைட்ல ஒரு பெரிய பைல் இருக்கு, ஒரு லட்சத்துக்கு மேல பேரு, போன்ல தெறந்தா போன் தொங்கிரும், கம்ப்யூட்டர்ல தெறங்க. கம்பெனி பேரு, ஊரு, எந்த விசாவுக்கு லைசன்ஸ், ஏ ரேட்டிங்கா (ஒழுங்கா நடத்தறது) பி ரேட்டிங்கா (கொறை இருக்கறது) எல்லாம் போட்டிருக்கும். பேரு இல்லன்னா முடிஞ்சுது. பேரு இருந்தாலும் அவசரப்படாதீங்க, ஏன்னா திருடனுங்க நெசமான கம்பெனி பேரத்தான் எடுத்து லெட்டர்ல போடறானுங்க. நம்ம ஊர்ல கம்பெனி பதியற எஸ்எஸ்எம் மாதிரி அங்க கம்பெனீஸ் ஹவுஸ், அதுலயும் ஓசியா தேடலாம், எப்ப பதிஞ்சது, அட்ரஸ் என்னன்னு தெரியும். அப்பறம் கம்பெனியோட சொந்த வெப்சைட்ல உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு "இந்த லெட்டர் நீங்க குடுத்ததா"ன்னு கேளுங்க, லெட்டர்ல இருக்கற நம்பருக்கு இல்ல. அங்க காலைல 9 மணின்னா நமக்கு சாயங்காலம் 4, 5 மணி, வேலை முடிஞ்சு வர்ற வழில கூப்பிட்டுடலாம்.

அப்பறம் சிஓஎஸ், அதாவது ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட். பேருதான் சர்டிபிகேட், பேப்பரு கெடையாது, முதலாளி ஆன்லைன்ல போடற ஒரு பதிவு, உங்களுக்கு வர்றது ஒரு நம்பர், வந்தா 3 மாசத்துக்குள்ள விசா போட்டுடணும். அக்கா பையனுக்கு வந்த "சர்டிபிகேட்" தங்க பார்டர் போட்டு, சிங்கம் முத்திரை குத்தி, பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துக்கு குடுப்பாங்களே அந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப காசு விஷயம், இதுதான் முக்கியம். சிஓஎஸ் போடறதுக்கு 2025 ஏப்ரல் பீஸ்படி 525 பவுண்ட், முதலாளி கட்டணும். வெளிநாட்டு ஆளை எடுக்கறதுக்கு ஸ்கில்ஸ் சார்ஜ்னு ஒண்ணு, 2025 டிசம்பர் ரேட்படி பெரிய கம்பெனிக்கு வருஷம் 1,320 பவுண்ட், அதுவும் முதலாளிதான். இத உங்ககிட்ட வசூல் பண்ணக் கூடாது. வேலை தேடிக் குடுத்ததுக்கு ஆளுங்ககிட்ட ஏஜென்சி காசு வாங்கறதே பிரிட்டன்ல 1973 சட்டப்படி குத்தம். நீங்க கட்ட வேண்டியது விசா பீஸும் ஹெல்த் சார்ஜும் (அங்க அரசாங்க ஆஸ்பத்திரி வசதிக்கு), அதையும் அரசாங்க வெப்சைட்ல உங்க கார்டுலயே கட்டலாம். 2025 ஏப்ரல் பீஸ்படி ஒரு இஞ்சினியர் தனியா 3 வருஷத்துக்கு போறாருன்னா விசா 769, ஹெல்த் சார்ஜ் வருஷம் 1,035ன்னு 3,105, மொத்தம் 3,874 பவுண்ட், பவுண்டுக்கு அஞ்சரை ரிங்கிட்னு வெச்சா 21,000க்கு மேல. பொண்டாட்டி கூட வந்தா இன்னொரு 21,000. நர்ஸ் போறாங்கன்னா ஹெல்த் அண்ட் கேர் விசா, அதே 2025 ஏப்ரல் கணக்குல பீஸ் 304, ஹெல்த் சார்ஜே கெடையாது. இதுக்கு மேல யாராச்சும் "பேக்கேஜ்"னா என்ன பேக்கேஜ்னு வரி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. இங்கயும் ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு 1981 சட்டப்படி மனிதவள அமைச்சு லைசன்ஸ் வேணும், லைசன்ஸ் நம்பர கேட்டா கோவப்படற ஆளு வேண்டாம். பேங்க் அக்கவுண்ட் நம்பரை மோசடி அக்கவுண்ட தேடிப் பாக்கற போலீஸோட செமாக் மியூல் வெப்சைட்ல தட்டிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. நாங்க ரொட்டி ஆறி போறதுக்குள்ள தட்டிப் பாத்தோம், அந்த அக்கவுண்ட் மேல ஏற்கனவே ரிப்போர்ட் இருக்கு. காசு போயிருச்சுன்னா வெக்கப்பட்டு வீட்டுல ஒளிச்சு வைக்காம ஒடனே மோசடி புகார் நம்பர் 997க்கு அடிங்க, லேட் ஆக ஆக காசு கை மாறிரும்.

சில ஏஜெண்டுங்க இன்னொரு ரூட்டு சொல்லுவானுங்க, "மொதல்ல டூரிஸ்ட்டா போங்க, அங்க போயி மாத்திக்கலாம்". நம்ம பாஸ்போர்ட்டுக்கு சுத்திப் பாக்க விசா வேணாம், இடிஏன்னு ஆன்லைன் முன் அனுமதி போட்டா 6 மாசம் வரைக்கும் இருக்கலாம், ஆனா வேலை செய்ய முடியாது, அங்கேருந்தே வேலை விசாவுக்கு மாத்தவும் முடியாது. மாட்டுனா அடுத்து எந்த நாட்டு விசா பாரத்துலயும் அந்த கறை நிக்கும். யூத் மொபிலிட்டின்னு எளவயசுக்காரங்க விசால ஆஸ்திரேலியாக்காரங்க போவாங்களே, அதுல மலேசியா இல்ல.

அப்ப நெசமாவே யாருக்கு வழி இருக்குன்னா, என் கணக்குல நர்ஸுக்குத்தான் ரொம்ப தெளிவான வழி. மச்சினி மக பினாங்குல ஒரு தனியார் ஆஸ்பத்திரில நர்ஸு, இப்ப அந்த பாதைலதான் இருக்கா. என்எம்சின்னு அங்க நர்ஸுங்கள பதியற வாரியம், அதுக்கு இங்கிலீஷ் டெஸ்ட்டு வேணும், ஐஇஎல்டிஎஸ்ல கேக்க, பேச, படிக்க 7, எழுத 6.5. அவளுக்கு எல்லாத்துலயும் 7க்கு மேல, எழுத்துல மட்டும் 6. அரை மார்க்குல போச்சு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்காம 40 நிமிஷம் டைமர் வெச்சு கட்டுரை எழுதிட்டு இருக்கா பாவம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பரீட்சை 83 பவுண்ட், விண்ணப்பம் 140, அங்க போன பிறகு செய்முறை பரீட்சை 794, இத பல ஆஸ்பத்திரிங்க திருப்பி தர்றாங்க, ஆபர் லெட்டர்ல எழுதியிருக்கான்னு பாருங்க, எத்தன வருஷம் கட்டிப் போடறாங்கன்னும் பாருங்க. இங்க லெம்பாகா ஜுருராவாட், அதாவது மலேசிய நர்ஸ் வாரியத்துலேருந்து பதிவு சரின்னு கடுதாசி போகணும், அது நம்ம கைல இல்ல, சீக்கிரமே போட்டு வைங்க. சம்பளம் என்எச்எஸ்ல (அங்க அரசாங்க மருத்துவ சேவை) 2025-26க்கு பேண்ட் 5ங்கற நர்ஸ் கிரேடுல ஆரம்பம் 31,049 பவுண்ட். ரிங்கிட்ல பெருக்கி மயங்கிறாதீங்க, டேக்ஸ், பென்ஷன் போக மாசம் 2,000 பவுண்ட் சுத்திதான் கைக்கு வரும், அதுல ரூம் வாடகை, ஹீட்டர் பில்லு எல்லாம்.

இஞ்சினியர், ஐடி ஆளுங்களுக்கு கொறைஞ்சது 41,700 குடுக்கற முதலாளி கெடைக்கணும், 26 வயசுக்கு கீழன்னா கொறைஞ்சது 33,400. இங்கிலீஷ் 2026 ஜனவரி 8லேருந்து பி2ங்கற நடுத்தரத்துக்கு மேல உள்ள லெவல் வேணும், டிகிரி இங்கிலீஷ்லயே படிச்சிருந்தா எக்டிஸ்னு ஒரு எடத்துல சான்று வாங்கிட்டா டெஸ்ட்டு வேணாம். எல்லாருக்குமே டிபி எக்ஸ்ரே வேணும், அவங்க ஒத்துக்கற கிளினிக்ல எடுத்ததா இருக்கணும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேலைன்னா விஸ்மா புத்ரா, அதாவது நம்ம வெளியுறவு அமைச்சுலேருந்து நன்னடத்தை சான்றிதழும் சேத்துக்குங்க. ஐசி அடையாள அட்டைல பேரு ஒரு மாதிரி, டிகிரில ஒரு மாதிரி இருக்கறது நம்ம ஆளுங்களுக்கு பெரிய தலவலி, அதையெல்லாம் முன்னாடியே சரி பண்ணுங்க.

பினாங்குக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. "தாத்தா பினாங்குல பொறந்தவரு, வெள்ளக்காரன் காலத்துல பிரிட்டிஷ் குடிமகன், அத வெச்சு போயிரலாம்"னு இன்னும் பேசறாங்க. பினாங்கு, மலாக்கால பொறந்தவங்க பல பேருக்கு 1983ல நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் சட்டத்துல பிஓசி, அதாவது பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்னு ஒரு அந்தஸ்து மிஞ்சுச்சு, ஆனா அது அங்க குடியிருக்கற உரிமை கெடையாது. 2002ல சட்டம் மாறுனதை தப்பா புரிஞ்சுக்கிட்டு மலேசிய குடியுரிமைய விட்டுட்டு போனவங்க நூத்துக்கணக்குல எந்த நாடும் இல்லாம வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டாங்க. எவன் சொன்னாலும் நம்ம குடியுரிமைல கை வைக்காதீங்க.

போய் சேந்த பிறகு, விசா இப்ப ஆன்லைன்லதான், பாஸ்வேர்டை ஏஜெண்டுகிட்ட விடாதீங்க, உங்க மெயில்லயே அக்கவுண்ட் தெறங்க. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சுக்கக் கூடாது. முதலாளி லைசன்ஸ் போனா பொதுவா 60 நாள்தான் தருவாங்க, அதுக்குள்ள வேற ஸ்பான்சர் தேடணும், அதனால திரும்பி வர்ற டிக்கெட் காசு தனியா இருக்கட்டும். சம்பள தகராறுன்னா ஏகாஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, போன்ல ஓசியா யோசனை சொல்லும்.

அக்கா பையன் போலீஸ் ரிப்போர்ட் குடுத்துட்டான், 3,000 இன்னும் வரல. கையில மெக்கட்ரானிக்ஸ் டிப்ளோமா இருக்கு, பாயான் லெப்பாஸ்ல ஷிப்டு பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல டிகிரி சேரப் போறான். அதுக்கு மொத செமஸ்டர் பீஸா எடுத்து வெச்ச காசத்தான் தூக்கி அந்த தண்ணீர் பந்தல்காரன்கிட்ட குடுத்திருக்கான்.