விமானம் தாமதமானால் சக பயணிகளோடு பழகுவது எப்படி?

டெல்லியிலிருந்து சென்னைக்குக் காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய என் விமானம், ஜனவரி மூடுபனியால் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிளம்பியது. முதல் மூன்று மணி நேரம் யாரோடும் பேச்சுக் கொடுக்க முடியாமல் விழித்த நான், மீதி நேரத்தில் நான்கு பேரோடு நன்றாகவே பழகிவிட்டேன்.

முதல் படி, உட்காரும் இடம். சார்ஜ் போடும் வசதியுள்ள இருக்கையைப் பிடியுங்கள். ஆட்கள் தாமாகவே வருவார்கள். பவர் பேங்கை விட, மூன்று நான்கு பேர் சேர்ந்து செருகக்கூடிய சிறிய மல்டிபிளக்கையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி, முதல் வாக்கியம். எனக்குச் சறுக்கிய இடம் இதுதான். ரயிலில் ஊறிய பழக்கத்தில், பக்கத்தில் இருந்தவரிடம் "எந்த ஊர், என்ன வேலை?" என்று தொடங்கினேன், அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டார். இரவு முழுவதும் சேர்ந்து போகப்போகிறோம் என்பது ரயிலில் ஏறும்போதே தெரியும்; இங்கோ, இன்னும் அரை மணியில் அழைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பதால், விசாரணை போன்ற கேள்விகளுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. அடுத்தவரிடம் விமான நிறுவனத்தைக் குறை சொல்லித் தொடங்கினேன். அவரும் சேர்ந்து திட்டினார். திட்டி முடிந்ததும் பேச்சும் முடிந்துவிட்டது.

மூன்றாவதாக ஒருவரிடம், "உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். என்னுடையதில் 10.40, அவருடையதில் 11.15. இரண்டு கைப்பேசிகளையும் நாங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னுடையதில் என்ன இருக்கிறது, பாருங்கள் தம்பி" என்று தம் கைப்பேசியை நீட்டினார். இருவருக்கும் தேவைப்படுகிற, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் போதும்.

மூன்றாம் படி, பேச்சைத் தொடர்வது. இதற்கு, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியைப் போல உதவுவது வேறில்லை. மற்ற விமானங்கள் தரையிறங்குவதை அதில் பார்த்ததும், "அவை மட்டும் எப்படி இறங்குகின்றன?" என்று அந்த அம்மா கேட்டார். உரிய கருவியுள்ள விமானமும் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால் ஓடுபாதையில் 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே இறங்கலாம் என்பதையும், மேலெழும்புவதற்குப் பொதுவாக 125 மீட்டராவது தெரிய வேண்டும் என்பதையும் விளக்கியதில் அரை மணி நேரம் போனது. வெயில் ஏறினால்தான் இந்தப் பனி விலகும் என்பதால், ஆளுக்கொரு நேரத்தைக் கணித்துப் பந்தயமும் கட்டினோம்.

நான்காம் படி, சேர்ந்து சாப்பிடுவது. டெல்லி–சென்னை போல இரண்டரை மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம் வரை பிடிக்கும் உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணிகளுக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும் என்பது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விதி. (பனியால் வரும் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது, அதைக் கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம்.) பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள இருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கவுண்டருக்குப் போய் வந்தோம். வரிசை நகர்வதற்குள், ஊருக்கென்று வாங்கியிருந்த கஜக் பொட்டலத்தைப் பிரித்தேன். நம் எள்ளுருண்டையைத் தட்டையாக்கியது போல இருக்கும் அந்தப் பண்டம் பாதி காலியாகிவிட்டது.

பின்சேர்க்கை: மேலே பெட்டிகளைப் பற்றி எழுதியதை ஒரு வாசகர் கண்டித்திருந்தார், நியாயம்தான். முன்பின் தெரியாதவரின் பெட்டிக்குப் பொறுப்பேற்கக் கூடாது. பாதுகாப்புப் படையினர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கழிப்பறைக்குப் போனாலும் உங்கள் பையை எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது பின்சேர்க்கை: அன்று எல்லோருடைய எண்களையும் கேட்டு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு அது சங்கடம் தரும் என்று இரண்டு வாசகியர் எழுதிய பிறகு, பிறர் எண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் என் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி, மல்டிபிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.