புள்ளிகளில் அறை எடுத்தால் காலை உணவு யாருக்கு?

வெளிநாட்டிலிருந்து சென்னைக்குப் போனால் உறவினர் வீட்டில் தங்காமல் ஓட்டலில் தங்குகிறவர்கள் இப்போது அதிகம். சொந்த வீடு விற்கப்பட்டிருக்கும், அல்லது அங்கே இருப்பவர்களுக்கே இடம் போதாது. அலுவலகப் பயணங்களில் தங்கியதற்காக ஓட்டல் நிறுவனங்கள் தந்த, அறை எடுக்கப் பயன்படும் புள்ளிகளோ கணக்கில் கிடக்கின்றன. அவற்றை ஊரில் செலவழிக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாகச் செலவழியுங்கள். ஆனால் ஓர் இரவுக்கு எத்தனை புள்ளி என்று பார்க்கும் முன்பே, அந்த அறையில் படுக்கப்போகிறவர் காலையில் யார் கணக்கில் சாப்பிடுவார் என்பதை ஓட்டலிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்பா, அம்மாவுக்காக இரண்டாவது அறை எடுக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான அறிவுரை என்னிடம் இல்லை.

அடிப்படை விஷயம் இதுதான்: புள்ளிகள் கொடுத்து வாங்குவது அறையை மட்டுமே. காலை உணவு உங்கள் உறுப்பினர் நிலையை, அதாவது அந்த ஓட்டல் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் தகுதிப் படியைப் பொறுத்தது, அந்த நிலை ஆளுக்கு உரியது. நீங்கள் படுக்கும் அறையில் உங்களுக்கும், பெரும்பாலும் உடன் தங்கும் இன்னொருவருக்கும் உணவு கிடைக்கும். உங்கள் பெயரிலேயே, உங்கள் புள்ளிகளிலேயே எடுத்த பக்கத்து அறைக்கு அந்தச் சலுகை போகாது. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இது கண்ணில் படும்படி எங்கும் எழுதியிருக்காது. விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும்.

நிலைகளின் பெயர்களும் ஏமாற்றும். அமெரிக்காவில் அமெக்ஸ் பிளாட்டினம் என்ற கடன் அட்டை வைத்திருப்பவர் பதிவு செய்துகொண்டால் ஹில்டன், மாரியட் என்ற இரண்டு ஓட்டல் நிறுவனங்களிலும் கோல்டு நிலை கிடைக்கும். பெயர் ஒன்றுதான், ஆனால் ஹில்டன் கோல்டுக்குச் சென்னையில் காலை உணவு உண்டு, மாரியட் கோல்டுக்கு இல்லை. மாரியட்டில் அதற்குப் பிளாட்டினம் வேண்டும், அதாவது ஆண்டுக்கு 50 இரவுகள். ஹாலிடே இன் ஓட்டல்களின் நிறுவனமான ஐஎச்ஜியில் பிளாட்டினமும் போதாது, டயமண்ட் ஆக வேண்டும். ஹயாட்டில் 60 இரவுகள் தங்கிக் குளோபலிஸ்ட் ஆனவருக்குக் காலை உணவு உண்டு, ஒரே அறையில் தங்கும் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் அது செல்லும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

அமெரிக்காவில் பழகியதை வைத்து இந்தியாவில் கணக்குப் போடவும் கூடாது. அங்கே ஹில்டன் கோல்டு உறுப்பினருக்கு 2021 முதல் காலை உணவுக்குப் பதிலாக, ஓட்டலில் உணவு, பானத்துக்குச் செலவழிக்க ஒரு தொகைதான் தருகிறார்கள். இந்தியாவில் உணவே கிடைக்கும், அது அங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு நல்ல உணவு. ஆனால் மாரியட்டின் ஃபேர்ஃபீல்ட் போன்ற ஓட்டல்களில் அங்கே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் காலை உணவு, அதே பெயர்ப்பலகை தொங்கும் இந்திய ஓட்டலில் தானாக வரும் என்று நம்ப முடியாது. இன்னொன்று, வேறு பயணத் தளங்கள் வழியாகப் பதிவு செய்தால் எந்த நிலைக்கும் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஓட்டல் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அத்தை மகளின் கல்யாணத்துக்காகப் போயிருந்தோம். முகூர்த்தம் விடியற்காலை, மண்டபம் மயிலாப்பூர்ப் பக்கம். எனக்கும் மனைவிக்கும் ஓர் அறை, தஞ்சாவூரிலிருந்து வரும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஓர் அறை, இரண்டும் புள்ளிகளில் எடுத்தவை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார், போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதனால் முதல் நாள் இரவு வரவேற்பு மேசையில் நான் கேட்ட ஒரே கேள்வி காலை உணவைப் பற்றித்தான். அங்கிருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "இரண்டு அறைக்கும் சேர்த்துத்தான் சார், ஏழு மணியிலிருந்து சாப்பிடலாம்" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே நானும் மனைவியும் மண்டபத்துக்குப் போய்விட்டோம். அம்மாவும் பெரியம்மாவும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு டாக்சியில் வருவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு இருவரும் பட்டுப்புடவையில் கீழே இறங்கியிருக்கிறார்கள். உணவகத்தின் வாசலில் ஒரு சிறிய மேடை, அதன்மேல் அன்றைய அறைப் பட்டியல். அங்கே நின்ற பெண் ஸ்கேலை வைத்து வரிவரியாக இறக்கிப் பார்த்து, "இந்த அறைக்குக் காலை உணவு சேர்க்கப்படவில்லை மேடம், பணம் கட்டிச் சாப்பிடலாம்" என்று சொல்லி ஒருவருக்கான தொகையையும் சொல்லியிருக்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு மேல், வரி தனி. இட்லிக்கு அவ்வளவு பணம் கொடுப்பவர் அல்ல என் அம்மா. "என் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்களாம். திரும்பி அறைக்குப் போய்விட்டார்கள்.

பெரியம்மா எனக்குப் போன் செய்தபோது அம்மாவுக்கு வியர்க்கத் தொடங்கியிருந்தது. அறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தார் பெரியம்மா. கைப்பையில் பிஸ்கட்டும் இருந்தது. அதில்தான் சமாளித்தார்கள்.

நான் ஓட்டலைக் கூப்பிட்டேன். இரவு ஷிப்டில் இருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் சொன்னது எந்தக் குறிப்பிலும் இல்லை. என் நிலைக்கு உரிய சலுகை என் அறைக்கு மட்டும்தான், மாற்ற வேண்டுமானால் உறுப்பினர் சேவை மையம்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். சேவை மையத்தைக் கூப்பிட்டால், விதிக்கு மேல் எதைக் கொடுப்பதும் அந்தந்த ஓட்டலின் விருப்பம், அவர்களிடமே பேசுங்கள் என்றார்கள். மறுபடியும் ஓட்டல், மறுபடியும் சேவை மையம். எவ்வளவு ஆனாலும் என் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு தட்டை அறைக்கு அனுப்புங்கள் என்று கடைசியில் கத்தினேன். அறைக்குப் பதிந்திருந்த அட்டையை நேரில் காட்ட வேண்டும் என்று அதற்கும் ஒரு பதில் வந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது நான் மண்டப வாசலில் காதில் போனோடு நின்றுகொண்டிருந்தேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் மேலாளர் பழத்தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "விடு, அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கும்" என்றார் அம்மா. மந்தைவெளியில் எங்கள் வீடு இருந்தபோது, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட ஒரு வாய் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை என்றுதான் விற்றோம். இருந்திருக்க வேண்டிய ஆள் நான்.

இதற்கு நடுவே மாமாவின் வேண்டுகோளையும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கும் வரும். நான் புள்ளிகளில் அறை எடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை வீட்டாரில் சிலருக்கும் அதே ஓட்டலில் அறை போட்டுத் தரச் சொன்னார். "உனக்குச் சும்மா வந்ததுதானே, ஊரில் நாலு பேர் நல்லபடியாகப் பேசுவார்கள்" என்றார். முடியாது என்றேன். அதற்குப் பிறகு கல்யாணம் முடியும் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புள்ளிகள் சும்மா வருவதில்லை. ஒவ்வொன்றும் வீட்டைவிட்டு வெளியே, ஏதோ ஓர் ஊரில், நெடுஞ்சாலையோர ஓட்டலில் தனியாகப் படுத்த இரவின் கூலி. அந்த இரவுகளில் ஒன்றுகூட அம்மா இருக்கும் ஊரில் கழிந்ததல்ல. மாமாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் உறவினருக்கு அறை கொடுப்பதாக இருந்தால், யாருக்கு, எத்தனை அறை என்பதை ஊருக்குக் கிளம்பும் முன்பே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் நாலு பேர் முன்னிலையில் கேட்கும்போது நல்ல பதில் எதுவும் கிடையாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? பதிவு செய்த கையோடு ஓட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், சேவை மையத்துக்கு அல்ல. இரண்டாவது அறையில் தங்குகிறவர்களின் பெயரை அவரவர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். அந்த அறைக்குக் காலை உணவு சேருமா, சேராவிட்டால் ஒருவருக்கு எவ்வளவு, அதை என் அட்டையில் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்ற மூன்றையும் ஒரே அஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டுக் கையில் வையுங்கள். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள், அம்மாவிடம் தொகையைச் சொல்லாதீர்கள். செக்-இன் செய்யும்போது அந்தத் தாளை நீட்டி, அவர்கள் அறைக்கு உணவுக் கூப்பன் கேட்டு வாங்கி அவர்கள் கையிலேயே கொடுங்கள். வாய்வார்த்தை அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது, காகிதம் சேரும்.

ஹயாட்டில் 'கெஸ்ட் ஆஃப் ஹானர்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சலுகைச் சீட்டு உங்கள் கணக்கில் இருந்தால், நீங்கள் அறை எடுத்துக் கொடுக்கும் விருந்தினருக்கே காலை உணவு உட்பட குளோபலிஸ்ட் சலுகைகள் போய்ச் சேரும். சென்னையில் தேனாம்பேட்டையில் ஹயாட் ரீஜென்சியும் கிண்டியில் பார்க் ஹயாட்டும் இருக்கின்றன. பெற்றோருக்காக அறை எடுக்கிறவர்கள் அந்தச் சீட்டை வேறு எதற்கும் செலவழிக்காமல் இதற்கென்று வைத்திருப்பது நல்லது.

நமக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. சென்னைக்கு வரும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் இறங்குகின்றன. பத்தாம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு வருகிறவர் ஒன்பதாம் தேதி இரவுக்கே அறை எடுக்க வேண்டும். எடுத்ததோடு நிற்காமல், விமான எண்ணைக் குறிப்பிட்டு 'நள்ளிரவுக்குப் பிறகு வருகிறேன்' என்று ஓட்டலுக்கு எழுதுங்கள். எழுதாவிட்டால் வரவில்லை என்று பதிவை ரத்து செய்துவிடும் அபாயம் உண்டு, புள்ளிகளும் போய்விடும். அந்த இரவுக்கான காலை உணவு பத்தாம் தேதி காலையில் உங்களுக்கு உரியது. களைப்பில் தூங்கிவிட்டால் போனது போனதுதான்.

வரவேற்பு மேசையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு விசாவையோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையையோ கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது ஓட்டலின் கடமை. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் ஆதார் போன்ற, முகவரியுள்ள அட்டையைக் கொண்டுவர வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

புள்ளியா பணமா என்பதையும் ஒவ்வொரு முறையும் கணக்குப் பாருங்கள். மார்கழி இசை விழாக் காலத்திலும் கல்யாண மாதங்களிலும் சென்னை அறை வாடகை ஏறும், அப்போது புள்ளி லாபம். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, புள்ளிகளில் எடுத்தால் அந்தச் சுமையும் பொதுவாக இல்லை. மற்ற மாதங்களில் இருவருக்குக் காலை உணவோடு சேர்ந்த வாடகையே மலிவாக அமைவதுண்டு. பெற்றோரின் அறைக்கு நான் இனி அப்படித்தான் எடுப்பேன்: பணம் கட்டி, உணவோடு சேர்த்து. பட்டியலில் அந்த அறைக்கு நேராக உணவு என்று அச்சாகியிருக்கும், யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மாரியட்டிலும் ஹில்டனிலும் புள்ளிகளில் ஐந்து இரவு எடுத்தால் ஓர் இரவுக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஹில்டனில் அதற்குக் குறைந்தது சில்வர் நிலை வேண்டும்.

முகூர்த்த நாளில் ஓட்டல் உணவகம் திறக்கும் முன்பே கிளம்புகிறவர்கள், முதல் நாள் மாலையிலேயே காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலான பெரிய ஓட்டல்களில் செய்து தருகிறார்கள். நேரம் இருப்பவர்கள் வெளியே போய்ச் சாப்பிடுவதே நல்லது என்பேன். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கோ, மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னிக்கோ எந்தப் பஃபேயும் ஈடாகாது. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-லேயே போய்விட்டது. நாங்கள் பார்க் ஷெரட்டன் என்றே சொல்லிக்கொண்டிருந்த அடையாறு கேட் ஓட்டலும் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பழைய நினைவில் டாக்சிக்காரரிடம் இடம் சொல்லும் முன், அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையைக் காலி செய்யும் நாளில் பில்லை நின்று படியுங்கள். புள்ளிகளில் எடுத்த அறைக்கு வாடகை வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்கள் பில்லில் அம்மா சாப்பிடாத காலை உணவு ஏறியிருந்தது. அங்கேயே நின்று நீக்க வைத்தேன். சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லலாம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இவற்றையெல்லாம் விமானம் ஏறிய பிறகு மின்னஞ்சலில் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.